மோட்டார் வாயில் மீன் ஒட்டிக்கொள்கிறது: தொட்டிக் கருவிகளிலிருந்து மீன்களைக் காப்பது எப்படி?

கேள்வி இது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. மணிக்கு 600 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும் உள் ஃபில்டர். ஓர் ஆண் ஃபைட்டர், ஆறு கப்பி. காலையில் விளக்கைப் போட்டால் ஃபைட்டர் ஃபில்டரின் பக்கவாட்டுத் துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மோட்டாரை நிறுத்தியதும் விலகி நீந்திவிட்டது, ஆனால் வால் கிழிந்துவிட்டது. கப்பி போட்ட குட்டிகளையும் இரண்டே நாளில் காணோம். ஃபில்டரைச் சுற்றிக் கொசுவலை கட்டலாமா, இல்லை ஃபில்டரையே எடுத்துவிடலாமா? மார்கழிக் குளிருக்கு 200 வாட் ஹீட்டர் ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று, அதைப் போடலாமா?

ஃபில்டரை எடுக்காதீர்கள். கொசுவலையை அதன் மேல் ஒட்டினாற்போல் சுற்றாதீர்கள். ஹீட்டரைக் கடையில் கொடுத்து 50 வாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் புரிந்தால் நாளைக்கு வேறு தொட்டி, வேறு மோட்டார் வந்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த மீன் சாதாரண வீட்டு ஃபில்டரில் அவ்வளவு எளிதில் ஒட்டாது, உதறிக்கொண்டு போய்விடும். ஒட்டிக் கிடந்த மீன்களில் பல, ஏற்கெனவே சோர்ந்து நீந்த முடியாமல் போனவை, அல்லது செத்த பிறகு இழுபட்டவை. அதனால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லையென்றால் சந்தேகம் முதலில் தண்ணீர் மேல்தான் வர வேண்டும். செவுள் வேகமாக அடித்துக்கொள்கிறதா, துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா, மேல்மட்டத்திலேயே தொங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

இந்த விதிக்குச் சில மீன்கள் விலக்கு. நீண்ட வாலுள்ள ஃபைட்டர், விசிறி வால் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் குஞ்சு, எல்லா இனத்துக் குட்டிகளும், இறால், நத்தை ஆகியவை நல்ல உடல்நிலையில் இருந்தாலும் மாட்டும். ஆண் ஃபைட்டருக்கு அதன் வாலே பாரம். இரவில் அது ஏதாவதொன்றின் மேல் சாய்ந்து ஓய்வெடுக்கும், இலை இருந்தால் இலையில், இல்லாவிட்டால் ஃபில்டரின் பக்கத்தில். அப்போது வாலின் நுனி ஒரு துளைக்குள் போனால் போதும், அது விழித்துத் துள்ளும்போது கிழிகிறது. காலையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கிழிசலைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரே பக்கத்தில், நேராகப் பிளந்து, ஓரத்தில் நிறம் மாறாமல் இருந்தால் இழுபட்ட காயம். ஓரம் முழுக்கக் கறுத்தோ சிவந்தோ வெளுத்தோ, நாளுக்கு நாள் அரித்துக்கொண்டே உள்ளே போனால் அது துடுப்பு அழுகல், மோட்டாருக்குச் சம்பந்தமில்லை. அங்கங்கே அரைவட்டமாகக் கடித்து எடுத்ததுபோல் இருந்தால் கப்பிகளைச் சந்தேகியுங்கள். இந்த இரண்டு இனமும் ஒரே தொட்டியில் நிம்மதியாக இருப்பது அரிது.

இனி மோட்டார். பெட்டியில் போட்டிருக்கும் "600 லிட்டர்" மீனைக் கொல்வதில்லை. தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் எத்தனை வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. மணிக்கு 600 லிட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 167 கன செ.மீ. வாயிலுள்ள துளைகளின் மொத்தத் திறப்பு 4 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அங்கே நீரின் வேகம் வினாடிக்கு 42 செ.மீ. ஏழு மில்லிமீட்டர் நீளமுள்ள கப்பிக் குட்டி அதை எதிர்த்து நிற்க வழியே இல்லை. அதே வாய்க்கு 5 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. நீளமும் உள்ள உருளை ஸ்பான்ஜ் ஒன்றை மாட்டுங்கள். சுற்றுப்பரப்பு சுமார் 125 சதுர செ.மீ. இப்போது ஸ்பான்ஜின் மேல் வேகம் வினாடிக்கு 1.3 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. மோட்டார் அதேதான், ஓடும் தண்ணீரும் ஏறக்குறைய அதேதான். முப்பது மடங்கு வேகம் குறைந்தது வாயை அகலப்படுத்தியதால் மட்டுமே. குட்டி அந்த ஸ்பான்ஜின் மேலேயே உட்கார்ந்து, அதில் படிந்திருப்பதைக் கொத்தித் தின்னும்.

கொசுவலை ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. துளையின் மேல் வலையை ஒட்டினாற்போல் கட்டினால் திறப்பு அதே 4 சதுர செ.மீ., அதிலும் நூல்கள் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். வேகம் கூடுமே தவிரக் குறையாது. குட்டி உள்ளே போகாது, அவ்வளவுதான். வலையின் மேலேயே தட்டையாக அழுந்திச் சாகும். ஒரே இரவில் மீன் கழிவும் இலைத் துணுக்கும் வலையை அடைத்துக்கொள்ள, மிச்சமிருக்கும் நாலைந்து துளைகளில் உறிஞ்சல் இன்னும் கடுமையாகும். கையில் வலைதான் இருக்கிறது, ஸ்பான்ஜ் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றால், துளைகள் நிறைந்த சிறிய பிளாஸ்டிக் கூடை ஒன்றில் வலையைச் சுற்றி, அந்தக் கூடைக்குள் மோட்டாரின் வாய் இருக்கும்படி வையுங்கள். வலைக்கும் வாய்க்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். அப்போதுதான் வலையின் முழுப் பரப்பும் வேலை செய்யும்.

ஸ்பான்ஜ் மாட்டுவதில் தவறுகள் அதிகம் நடப்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அலங்கார மீன் கடைகளில் உருளை வடிவில் நடுவே துளையிட்டு விற்பார்கள். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் எல்லா அளவிலும் கிடைக்கும். ஓர் அங்குல நீளத்தில் 20 முதல் 30 துளை இருக்கும் சொரசொரப்பான ரகம் மீனுக்கும் கப்பிக் குட்டிக்கும் போதும். இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும் இறால் குஞ்சுக்கும், அதைவிடச் சற்றே பெரிய ஃபைட்டர் குஞ்சுக்கும் 45-க்கு மேல் உள்ள நுண் ரகம் வேண்டும். ஆனால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் அளவைப் பெரிதாக எடுக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை வெட்டிப் போடாதீர்கள். பலவற்றில் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள், அது கழிவு நச்சை முறிக்கும் ஃபில்டர் பாக்டீரியாவையும் மீனையும் சேர்த்தே கெடுக்கும். இரும்பு வலை, அலுமினிய வலை, தகரம் பூசிய கம்பி எதுவும் வேண்டாம். செப்புக் கம்பியால் கட்டினால் இறால் ஒன்றுகூட மிஞ்சாது.

ஃபில்டர் ஸ்பான்ஜ் கட்டியாகத்தான் கிடைத்தது, துளையை நீங்களே போட வேண்டும் என்றால், அதை நனைத்து, இலேசாகப் பிழிந்து, ஃப்ரீசரில் வைத்து உறைய விடுங்கள். கல் மாதிரி இறுகிய பிறகு துளையிட்டால் பிசிறில்லாமல் வரும். சூடான கம்பியால் குத்தினால் நச்சுப் புகை வரும், உள்சுவர் உருகி அடைத்தும் விடும். துளை, குழாயின் விட்டத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் தானாகவே கவ்விக்கொள்ளும். முழு நீளத்துக்கும் துளைக்காமல் முக்கால் பங்கோடு நிறுத்தி, அடியில் இரண்டு செ.மீ. கெட்டியாக விடுங்கள். மாட்டுமுன் தொட்டித் தண்ணீருக்குள் நாலைந்து முறை பிழிந்து காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடும். ஸ்பான்ஜின் அடிப்பாகம் கூழாங்கல்லிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்கட்டும், மணல் ஏறாது. பிடி தளர்வாக இருந்தால் நைலான் டேக் (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஒன்றை, ஸ்பான்ஜ் நசுங்காத அளவுக்கு இறுக்கி, டேக்கின் மிச்ச நுனியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கூர்முனை ஃபைட்டர் வாலைக் கிழிக்கும்.

உங்களுடையது உள் ஃபில்டர் என்பதால் குழாய் இருக்காது, ஸ்பான்ஜ் வைத்த கூடையின் பக்கத்துளைகளே வாய். அதற்கு ஒன்றரை செ.மீ. கனமுள்ள தட்டை ஸ்பான்ஜைக் கூடையைச் சுற்றிச் சட்டைபோல் போர்த்தி, இரண்டு டேக் போட்டால் போதும். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி இருக்க வேண்டும், இடுக்கு விட்டால் குட்டி முதலில் அதைத்தான் கண்டுபிடிக்கும். அடித்துளையையும் மறக்காமல் மூடுங்கள். தொட்டி விளிம்பில் தொங்கும் ஹாங் ஆன் ஃபில்டர், மேலே வைக்கும் டாப் ஃபில்டர், வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் எல்லாவற்றுக்கும் குழாய் உண்டு, உருளை ஸ்பான்ஜ் நேராக ஏறும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. மெல்லிய பருத்தி நூலை ஒரு குச்சியில் கட்டி, ஸ்பான்ஜுக்கு ஒரு செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். நூல் இலேசாக அசைய வேண்டும். எங்காவது விறைத்து ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மட்டும் இழுப்பு அதிகம் என்று பொருள். ஸ்பான்ஜ் குழாயோடு கோணலாக இருக்கலாம், அல்லது மற்ற பக்கம் அடைத்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து இதே சோதனையைச் செய்தால் எப்போது கழுவ வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கழுவுவது வாரம் ஒரு முறை, குட்டி இருக்கும் தொட்டியில் நாலு நாளுக்கொரு முறை. முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போதே ஸ்பான்ஜைக் கழற்றினால் வாய் திறந்துகொள்ளும், பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த குட்டி உள்ளே போகும். ஸ்பான்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே உருவி எடுத்தால் அழுக்கு தொட்டியில் கலையாது. தொட்டியிலிருந்தே எடுத்த அரை வாளித் தண்ணீரில் நாலைந்து முறை பிழிந்தால் போதும். குழாயடியில் காட்டினால் மெட்ரோ தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாளியைக் கொட்டுமுன் ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள், குட்டி இருந்தால் ஓடும். காணாமல் போன குட்டிகளைத் தேடும்போதும் ஃபில்டரைத் திறந்து, பிழிவதற்கு முன் வெள்ளைப் பாத்திரத்தில் அலசிப் பாருங்கள். சில நேரம் உள்ளறையில் உயிரோடே வளர்ந்துகொண்டிருக்கும். அங்கேயும் இல்லையென்றால் பெரும்பாலும் தாயோ ஃபைட்டரோதான் தின்றிருக்கும். அதற்கு ஸ்பான்ஜ் மருந்தில்லை, அடர்ந்த செடியும் தனித் தொட்டியும்தான்.

உறிஞ்சும் வாயைச் சரி செய்தாயிற்று. பீய்ச்சும் வாயும் உண்டு. உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு 56 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 48 அல்லது 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். 600 லிட்டர் மோட்டார் காகிதக் கணக்கில் மணிக்குப் பன்னிரண்டு முறை சுற்றுகிறது. ஸ்பான்ஜும் அழுக்கும் சேர்ந்து நிஜத்தில் அது கணிசமாகக் குறையும் என்றாலும் ஃபைட்டருக்கு இது அதிகம். அதற்கு நாலு மடங்குக்குள் போதும், கப்பி, டெட்ரா, மோலிக்கு ஐந்தாறு மடங்கு, கழிவு அதிகம் போடும் கோல்டு ஃபிஷுக்கு எட்டுப் பத்து. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். மேல்மட்டம் முழுக்க அலையாக இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது போராட வேண்டியிருக்கும். வெளிவரும் மூக்கைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அல்லது துளையிட்ட குறுக்குக் குழாய் மாட்டுங்கள். குறைக்கும் திருகு இருந்தால் வெளியேறும் பக்கத்தில்தான் குறைக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை அடைத்து ஓட்டம் குறைத்தால் மோட்டார் சூடேறிக் கெடும், மீதி துளையில் இழுப்பும் கூடும்.

இரவில் மட்டும் ஃபில்டரை நிறுத்தி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது, சத்தத்துக்காகவும் கரண்ட் பில்லுக்காகவும். மீன் ஒட்டிக்கொண்ட பயத்தில் நீங்களும் அதைச் செய்துவிடாதீர்கள். 8 வாட் மோட்டார் மாதம் முழுக்க ஓடினால் ஆறு யூனிட்கூட ஆகாது. நிறுத்தினால் ஸ்பான்ஜில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போகாது. மூடிய கேனிஸ்டராக இருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே நாற்றமெடுத்த நீர் தேங்கி, காலையில் போட்டவுடன் அது அப்படியே மீன் மேல் இறங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போய் மதியம் வரை வராத நாட்களிலும் இதே ஆபத்துதான். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்ற கேனிஸ்டரைத் திறந்து, தொட்டி நீரில் அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வைத்துக்கொள்வது மலிவான ஏற்பாடு. ஹாங் ஆன் ஃபில்டரில் கரண்ட் வந்ததும் தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். பெட்டியில் நீர் இறங்கியிருந்தால் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடி எரிந்துவிடும்.

குட்டி வளர்ப்பதே நோக்கம் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டரே போதும். தண்ணீருக்குள் சுழலும் பாகமோ மின்சாரமோ கிடையாது. குமிழி மேலேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைத்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி, தானாகவே இழுபட்டு சைபனாக இறங்கலாம். தொட்டிக்குள் அந்தக் குழாயின் நுனி இருக்கும் ஆழம் வரை தொட்டி காலியாகும், அந்தத் தண்ணீர் முழுதும் பம்புக்குள்ளும் சுவிட்ச் போர்டிலும் போகும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் குழாயில் ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான். எந்தப் பக்கம் எது என்று குழம்பினால் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகும் திசை தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். வருடத்துக்கொரு முறை மாற்றிவிடுங்கள், உள்ளேயிருக்கும் ரப்பர் இறுகிவிடும்.

இப்போது ஹீட்டர். 50 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 200 வாட் ஹீட்டருக்குச் சுமார் 17 நிமிடம் போதும். சூடு போதுமானதும் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் நிற்காமல் ஓடினால் 26 டிகிரி தண்ணீர் இரண்டரை மணி நேரத்துக்குள் 34-ஐத் தொட்டுவிடும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 50 வாட் என்றால் ஒரு டிகிரிக்கு 70 நிமிடம், அதுவும் நீர் சூடேற ஏற வெளியே இழக்கும் வெப்பமும் கூடுவதால் ஓரளவுக்கு மேல் ஏறவே ஏறாது. ஹீட்டர் கெட்டாலும் மீன் பிழைக்கும் அளவுக்குச் சின்னதாக வாங்குவதுதான் பாதுகாப்பு. கடலோர ஊர்களில் லிட்டருக்கு ஒரு வாட் தாராளம், பாதிகூடப் பல வீடுகளில் போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கூடுதலாக வேண்டும் என்றால் பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு போடுங்கள். ஹீட்டரின் மேல் எழுதிய எண்ணை நம்பாமல் எதிர்மூலையில் தனி வெப்பமானி ஒன்று வையுங்கள்.

ஹீட்டரால் சுடுபடுவது பெரும்பாலும் டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன்தான். எங்கே வழவழப்பான பரப்பு கிடைத்தாலும் வாயை ஒட்டி நிற்கும், ஹீட்டர் திடீரென்று ஓட ஆரம்பித்தாலும் விலகாது. வயிற்றில் நீளவாக்கில் வெளுத்த தழும்பு தெரிந்தால் அது சூட்டுக் காயம். ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூண்டு தனியாகக் கிடைக்கிறது. ஹீட்டரைச் செங்குத்தாக வைக்காமல், தயாரிப்பாளர் அனுமதித்தால், அடியில் படுக்கையாகவோ சாய்வாகவோ, ஃபில்டர் தண்ணீர் அதன் மேல் ஓடும்படி வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை நிறுத்தி, 15 நிமிடம் பொறுத்து, அதன் பிறகே நீரை இறக்க வேண்டும். சூடான கண்ணாடி காற்றில் நின்று, பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டர் மீனைவிட உங்களுக்குத்தான் முதல் ஆபத்து.

ஆஸ்கர், பிளவர்ஹார்ன் போன்ற பெரிய முரட்டு மீன் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். கருவியிலிருந்து மீனை மட்டுமல்ல, மீனிடமிருந்து கருவியையும் காக்க வேண்டும். அவை ஹீட்டரை இடித்து உடைக்கும், ஒயரைக் கவ்வி இழுக்கும், மோட்டாரைக் கல்லுக்குள் தள்ளும். ஹீட்டரை விடச் சற்றுப் பெரிய பி.வி.சி. குழாயில் சுற்றிலும் நிறைய துளையிட்டு, அதற்குள் ஹீட்டரை வைத்துச் சுவரோடு நிறுத்துங்கள். முடிந்தால் கருவிகள் எல்லாமே சம்ப் தொட்டியில் (மீன் தொட்டிக்குக் கீழே வைத்து, தண்ணீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் தனித் தொட்டி) இருக்கட்டும். கோல்டு ஃபிஷ் வகையில் கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபிள் ஐ மீனுக்கு மோட்டார் ஃபில்டரே வேண்டாம். அந்தப் பை ஒரு துளையில் உறிஞ்சப்பட்டால் கிழிந்துபோகும்.

இடுக்குகளைப் பலர் கவனிப்பதில்லை. உள் ஃபில்டருக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் லோச் (அயிரை வகை), சக்கர், பயந்த ஃபைட்டர் எல்லாம் அதற்குள் நுழைந்து திரும்ப முடியாமல் மாட்டும். ஒன்று, கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் மீன் தாராளமாகத் திரும்பும் அளவுக்கு நகர்த்தி வையுங்கள். உறிஞ்சு ரப்பர் ஒன்றிரண்டு வருடத்தில் இறுகிப் பிடி விடும். ராத்திரியில் மோட்டார் கழன்று விழுந்து, மணலைக் கிளறி, ஒரு மீனை அடியில் அழுத்திக்கொள்ளும். ரப்பரை வெந்நீரில் சில நிமிடம் போட்டால் தற்காலிகமாக இளகும், ஆனால் புதிது மாற்றுவதே சரி.

தண்ணீர் மாற்றும் சைபன் குழாயும் ஒரு கருவிதான். வாய் திறந்த 12 மி.மீ. குழாய் கப்பியை விழுங்கிவிடும். ஒரு கையின் விரல் எப்போதும் குழாயை மடித்து நிறுத்தத் தயாராக இருக்கட்டும். நேராக சாக்கடைக்கு விடாமல் வாளியில் பிடியுங்கள். குட்டி இருந்தால் 4 மி.மீ. ஏர் குழாயின் நுனியில் சிறு ஸ்பான்ஜ் துண்டு செருகி இறக்குங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

சம்ப் வைத்தவர்கள் மேலிருந்து தண்ணீர் வழியும் பெட்டியின் பல்வரிசைக்குள் மீன் குதிக்காதபடி மேலே வலை போட வேண்டும். திரும்பி வரும் குழாயில் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 3 மி.மீ. துளை ஒன்று வேண்டும். கரண்ட் போனால் அந்தத் துளையில் காற்று ஏறி சைபன் அறுந்துவிடும். 122 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலத் தொட்டியில் 2.5 செ.மீ. இறங்கினாலே 14 லிட்டர். அவ்வளவு தண்ணீருக்கு சம்பில் காலி இடம் இருக்கிறதா என்று மோட்டாரைக் கையால் நிறுத்திச் சோதியுங்கள். கடல்நீர்த் தொட்டியில் அனிமோன் (பூப்போன்ற கடல் உயிரி) வைத்திருந்தால் அலை மோட்டாருக்குக் கூண்டு கட்டாயம். அது மெல்ல நகர்ந்து போய் மோட்டாரில் அரைபட்டால் தொட்டி முழுதும் ஒரே நாளில் கெட்டுப்போகும்.

தொட்டிக்குள் அப்படியே மாட்டும் யு.வி. (புற ஊதா) விளக்குகள் கடைகளில் வருகின்றன. வெளிச்சம் நேராக மீன் மேலோ உங்கள் கண்ணிலோ படும் எதையும் வாங்காதீர்கள். விளக்கு முழுக்க மூடிய கூட்டுக்குள் இருந்து, தண்ணீர் மட்டும் அதன் வழியே ஓடிவரும் வகை மட்டுமே பாதுகாப்பு.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி. இருந்தால் போதாது. அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு ஏறுமுன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு முறை தொங்கி ஏற வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், போர்டுக்குள் போகாது. கையை விடுவதற்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்ச் மட்டும் போதாது. தண்ணீரில் டெஸ்டர் எரிகிறது என்றால் ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கி எதனால் என்று கண்டுபிடியுங்கள். மோட்டார் சுருளின் தூண்டலால்கூட டெஸ்டர் மங்கலாக எரியலாம். இருந்தாலும் எந்தக் கருவி என்று தெரியும் வரை அதைக் கசிவாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். ஒயரின் தோல் வெடித்த மோட்டாரை டேப் சுற்றி மறுபடி தண்ணீரில் போடவே கூடாது.

மறுபடி எப்போதாவது மீன் ஒட்டிக்கொண்டு கிடந்தால், கையால் இழுக்காதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இழுப்பு நின்றதும் பெரும்பாலும் தானே விலகும். விலகாவிட்டால் ஃபில்டரையே தண்ணீருக்குள் மெல்லச் சாய்த்து, வால் சிக்கிய கூடையைக் கழற்றுங்கள். இழுத்தால் துடுப்பின் வேர் போய்விடும், வேர் போனால் திரும்ப வளராது. பிறகு கால்பங்கு தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, ஒரு நாள் தீனி போடாமல் விடுங்கள். ஃபைட்டரைத் தனியாக வைத்து லிட்டருக்கு ஒரு கிராம் அயோடின் சேராத கல்லுப்பு கரைத்து ஊற்றலாம். லோச், கெளுத்தி வகைகளும் செடிகளும் உள்ள தொட்டியில் உப்பு வேண்டாம். செதில் பெயர்ந்த இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது கிளம்புகிறதா என்று மூன்று நாள் பாருங்கள், கிளம்பினால் பூஞ்சை மருந்து தேவைப்படும். கிளம்பாவிட்டால் சுத்தமான தண்ணீரே மருந்து.

வால் ஆறும்போது கிழிந்த ஓரத்தில் கண்ணாடித்தாள் போல நிறமற்ற மெல்லிய சவ்வு நீளும். வெளுப்பாகத் தெரிகிறதே, அழுகல் தொடங்கிவிட்டதோ என்று பயந்து பலர் அந்த நேரத்தில்தான் மருந்தைக் கொட்டுகிறார்கள். அது புதிதாக வளரும் துடுப்பு. நிறம் பிறகு மெல்ல ஏறும்.